எண்ணெய்க் கறையைத் துடைக்காத போட்டோ கடை

பழைய போட்டோ சரிசெய்ய நல்ல இடம் எது என்று கேட்டால் இப்போது எல்லோரும் ஏதாவது ஒரு ஆப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆப்பில் கொஞ்சம் பணம் போச்சு, அப்புறம் சென்னையில் ஒரு பெரிய லேபில் இன்னும் கொஞ்சம் போச்சு, கடைசியில் வேலூரில் ஒரு சந்துக்குள் ஒரே ஆள் நடத்தும் கடையில் போய் நின்றேன். மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் வீட்டில் இப்படி ஒரு படம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது. யார் பெயரையும் போடப்போவதில்லை. முதல் இரண்டு பேரோடு சண்டை எனக்கு வேண்டாம். மூன்றாமவர், "பேரெல்லாம் போட்டுறாத தம்பி, கையில இருக்கிற வேலையே முடியல" என்று சொல்லிவிட்டார்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு அலைந்தேன் என்பது புரியாது.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. தாத்தா போனது விமானப்படைக்கு, இஞ்சின் ஃபிட்டராக. வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆறுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாட்டியிருக்கிறது. ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் ஒரு விமானம். படத்தின் முதுகில் தாத்தாவின் கையெழுத்தில் "ஆக்ரா 1964, இடமிருந்து மூன்றாவது நான்" என்று இருப்பதாக அப்பா சொல்வார். பிரேமுக்குள் இருந்ததால் நான் பார்த்ததில்லை.

விமானம் பேக்கெட். ஃபேர்சைல்ட் சி-119 என்பது முழுப்பெயர், விமானப்படையில் எல்லோருக்கும் பேக்கெட்தான். பார்த்தால் மறக்காத உருவம்: நடுவில் சரக்குப் பெட்டி மாதிரி உடம்பு, இரண்டு பக்கமும் இஞ்சினிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு வால்தண்டுகள், கடைசியில் இரண்டையும் இணைக்கும் குறுக்கு இறக்கை. இறக்கை நுனிக்கு நுனி 109 அடி. 1954 முதல் நம்மிடம் இருந்தது, எண்பதுகளில் ஓய்வு பெற்றது. ஜீப்பையோ, நாற்பது பாராசூட் வீரர்களையோ பின்கதவு வழியாக ஏற்றி இமயமலைப் பக்கம் கொண்டுபோய் இறக்குவதுதான் இதன் பிழைப்பு.

இமயமலையில் ஒரு தொல்லை உண்டு. உயரம் போகப்போகக் காற்று மெலிகிறது, பிஸ்டன் இஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறது, இரண்டில் ஒன்று நின்றுபோனால் மிச்சமிருக்கும் ஒன்றை நம்பி மலை தாண்ட முடியாது. அதனால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், விமானத்தின் முதுகில், நடுவில், ஒரு சின்ன ஜெட் இஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். முதலில் அமெரிக்க இஞ்சின், பிற்பாடு நேட் போர் விமானத்துக்காகப் பெங்களூரு எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் செய்துகொண்டிருந்த ஆர்ஃபியஸ் ஜெட் இஞ்சின். 1962 ஜூலையில் ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே ஒரு பேக்கெட்டைக் கொண்டுபோய் இறக்கியது லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,600 அடிக்கும் மேலே. அவ்வளவு உயரத்தில் இவ்வளவு பெரிய விமானம் போய் இறங்குவது அப்போது பெரிய சாதனை. எங்கள் வீட்டுப் படத்திலும் அந்த ஜெட் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, தலையில் கூடை வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிய ஆள் மாதிரி.

இந்த ஜெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப் முதலில் கைவைத்தது இதில்தான்.

போன மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியது. பிரேமைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் 1987ஆம் வருடத்துத் தினசரித் தாள், அதற்கு மேல் ஹார்ட்போர்டு, சுற்றிலும் துருப்பிடித்த சின்ன ஆணிகள். படத்தின் கீழ் வலது மூலை, கட்டைவிரல் அகலத்துக்கு, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மேல்பக்கமும் லேசாக ஒட்டியிருந்தது. நான் ஒரு ஷேவிங் பிளேடை எடுத்து மேல்பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தேன். நகக்கண் அளவுக்குப் படம் பிய்ந்து கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அந்த நிமிடம் வயிறு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அப்படியே வைத்துவிட்டு, கண்ணாடி வழியாகவே போனில் ஒரு படம் எடுத்து ஆப்பில் ஏற்றினேன்.

ஆப்புக்கு 699 ரூபாய். நாற்பது நொடியில் வந்துவிட்டது, பார்த்ததும் அசந்துபோனேன், உண்மையைச் சொல்ல வேண்டும். பளிச்சென்று கலரில், நேற்று எடுத்த மாதிரி. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன், இருபது பேர் கைகூப்பினார்கள். அக்கா அழுதுவிட்டதாக எழுதினாள். ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"தாத்தா, ஆயா."

"உங்க தாத்தாவுக்கு ஏதுடா இவ்ளோ முடி?"

அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். முகம் தாத்தா இல்லை. தாத்தா மாதிரி ஒருத்தர், கொஞ்சம் சினிமாக்காரர், பல் தெரியச் சிரிக்கிறார். தாத்தா எந்தப் படத்திலும் பல் தெரியச் சிரித்தவர் இல்லை, முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். இடது கையில் ஆறு விரல். விமானம் வெறும் அலுமினிய உடம்பு, அதற்குப் பட்டாளப் பச்சை அடித்திருக்கிறது. வால்தண்டில் உள்ள வட்டம் நம் விமானப்படையுடையது, வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஆப் அதற்குப் பூசியது வெளியே நீலம், உள்ளே சிவப்பு. அது பிரிட்டிஷ்காரன் வட்டம்! 1964இல் ஆக்ராவில்! வால் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மங்கிப்போயிருந்த இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத இரண்டு எழுத்தை வரைந்து வைத்திருக்கிறது. முதுகில் இருந்த ஜெட்டைக் காணோம். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் அழகாக ஒரு மேகத்தை வைத்துவிட்டது.

மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு தாத்தா வந்தார்.

அடுத்து சென்னையில் ஒரு பெரிய லேப். ஏ.சி. இடம், வரிசை எண் கொடுக்கிறார்கள், மனிதர்களே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், மரியாதையாகப் பேசினார்கள். 1,850 ரூபாய், மூன்று நாள். கலர் வேண்டாம், இருக்கிறபடி சுத்தம் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுத்தம் என்ற சொல்லை நான் பயன்படுத்தியிருக்கக் கூடாது. இஞ்சின் மூடிகளுக்குக் கீழே, சக்கரக் கதவு வரைக்கும், கறுப்பாகக் கோடுகோடாக வழிந்திருக்கும் எண்ணெயை எல்லாம் துடைத்துத் துப்புரவாக்கிவிட்டார்கள். தாத்தா உயிரோடு இருந்தபோது அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எண்ணெய் ஒழுகாத பேக்கெட்டைக் கண்டா உள்ள எண்ணெய் இல்லேன்னு அர்த்தம்." அவர் ஆயுளில் பாதி அந்த எண்ணெயைத் துடைப்பதில்தான் போனது, அதையும் லேப்காரர்களே அவருக்காகத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. ஆறுக்கு எட்டு படத்தை எட்டுக்குப் பன்னிரண்டில் அச்சடித்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறுக்கு எட்டு என்பது ஒன்பதுக்குப் பன்னிரண்டாகத்தான் சரியாகப் பெரிதாகும், எட்டுக்குப் பன்னிரண்டு என்றால் மேலேயும் கீழேயும் வெட்டாமல் முடியாது. மேலே வாலின் நுனி போச்சு, கீழே ஆறு பேருடைய பாதமும் போச்சு. கேட்டதற்கு, "சார், அதுதான் ஸ்டாண்டர்டு சைஸ், பிரேம் ஈஸியா கிடைக்கும்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். அவர்மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். போதாக்குறைக்குப் பளபள லேமினேஷன் வேறு. டியூப் லைட் வெளிச்சத்தில் விமானம் தெரியாது, டியூப் லைட்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் வேலூரில் இருக்கும் சித்தப்பா, லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் பழைய 'டச்சிங்' ஆள் ஒருவர் இருக்கிறார், கல்யாண ஸ்டூடியோக்களுக்கு அந்தக் காலத்தில் நெகட்டிவில் பென்சில் வேலை செய்தவர், இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார் என்று சொன்னார்.

கடை என்று சொல்வது அதிகம். மாடிப்படிக்குக் கீழே எட்டடி அறை. ஒரு மேசை, ஒரு பழைய மானிட்டர் (வெளிச்சம் படாமல் இருக்க மேலே அட்டையில் கூடாரம் கட்டியிருக்கிறார்), சுவரில் நிறம் தெரியாத சாம்பல் பெயின்ட். பெயின்ட் அடிக்கக்கூட காசில்லையோ என்று முதலில் நினைத்தேன், அப்புறம் அவரே சொன்னார், சுவர் கலராக இருந்தால் கண் ஏமாந்துவிடுமாம். எழுபதுக்கு மேல் வயது. நான் கண்ணாடியோடு துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்து, ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"பிளேடு போட்டது யாரு தம்பி?"

நான்தான் என்றேன்.

"போனா போவுது, வானத்துலதான போயிருக்குது. மூஞ்சியில போயிருந்தா நான் என்ன பண்றது?"

ஒட்டிக்கொண்ட மூலையைப் பிரிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, பிரிக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணத்தையும் சொன்னார். இந்தப் பழைய படங்களில் தாளுக்கு மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது, வெள்ளித் துகள் அதற்குள்தான் இருக்கிறது, படம் என்று நாம் பார்ப்பது அந்தத் துகளைத்தான். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறி பசை மாதிரி ஆகும், காய்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிரித்தால் வெறும் தாள் உங்கள் கையில், படம் கண்ணாடியில். நிழல் பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் நீலமாக ஒரு வெள்ளிப் பளபளப்பு அடிக்கிறதே, அதுவும் அந்த வெள்ளி மேலே வந்து படிவதுதானாம். ஓரத்தில் இருக்கும் பழுப்பு, அந்தக் காலத்தில் படத்தைக் கழுவியவர்கள் ஹைப்போ என்ற மருந்தைச் சரியாக அலசாமல் விட்டது. "பட்டாளத்துக்காரன் அவசரம்" என்று சிரித்தார்.

ஆக, கண்ணாடியோடு அப்படியே வைத்துப் படம் எடுத்தார். இதை உட்கார்ந்து பார்க்க விட்டார், அதற்கே தனியாக ஒரு நன்றி. கேமராவை மேலிருந்து கீழ் பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, விளக்குக்கு முன்னால் ஒரு கறுப்புத் தகடு, லென்ஸில் ஒரு வளையம். வளையத்தைத் திருப்பத் திருப்ப, கண்ணாடிமேல் இருந்த மினுமினுப்பும் அந்த வெள்ளிப் பளபளப்பும் கரைந்துபோய்ப் படம் மட்டும் தனியாக மேலே எழுந்து வந்தது. போலரைசர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கேமராவில் தன் முகம் தெரியாமல் இருக்க அவர் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டார், தாத்தா காலத்து ஸ்டூடியோக்காரர் மாதிரியே இருந்தது. ஒரே படமாக எடுக்கவில்லை, ஆறு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டினார்.

அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் நான் இதை எழுதக் காரணம். ஒரு சாதாரணத் தாளில் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கறைக்கும் வட்டம் போட்டு எண் எழுதினார். மொத்தம் 41. தாளை என் கையில் கொடுத்து, "இதுல எது அழுக்கு, எது விமானம்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் கைவைக்க மாட்டேன்" என்றார்.

ஆப்புக்கும் லேபுக்கும் இது தோன்றவே இல்லை.

காட்பாடியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், அவரும் விமானப்படையில் பேக்கெட்டில் வேலை பார்த்தவர், எண்பதைத் தாண்டியாயிற்று. தாளைக் கொண்டுபோனேன். பேனாவை வாங்கிக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி உட்கார்ந்துவிட்டார். "ஆயில். ஆயில். இது ஆயில். இது பூஞ்சை, துடைச்சுக்கலாம். இது ஆயில். இது புகை, ஸ்டார்ட் பண்ணும்போது அடிக்கும். ஆயில்." பதினேழாம் எண் முதுகில் இருந்த ஜெட். அதையும் போட்டோ பெரியவர் கறையோ என்று சந்தேகப்பட்டு வட்டம் போட்டிருந்தார். காட்பாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதைத் தொட்டா கையை உடைப்பேன்னு சொல்லு."

நேரம் போவது தெரியாமல் அவர் பேசியதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பேக்கெட் இஞ்சின் ஒவ்வொன்றும் 3,500 குதிரைத்திறன், பூப்போல வட்டமாக இரண்டு அடுக்கில் 18 சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஆக இஞ்சினுக்கு 36, விமானத்துக்கு 72. எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, ஏணி போட்டு, ஆக்ரா வெயிலில் சுடுகிற மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். "உங்க தாத்தாவும் நானும் கழட்டுன பிளக்கை வரிசையா வெச்சா ஆக்ராவுலேர்ந்து ஆரணி வரும்" என்றார். வேலைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து போன். வழக்கமாக அவர் போன் எடுக்கவே மாட்டார், அவரே கூப்பிடுகிறார் என்றதும் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்தேன்.

"தம்பி, தாத்தா இடது கையில என்ன வெச்சினு இருக்காரு?"

பீடி என்றேன். எங்கள் வீட்டில் அது முடிந்துபோன விஷயம். அந்தப் படத்தில் தாத்தா இடது கை விரலிடுக்கில் பீடி வைத்திருக்கிறார், அதிகாரி எடுக்கும் படத்தில்கூடப் பீடியை விடாதவர் என்று ஆயா நாற்பது வருடம் குத்திக்காட்டியிருக்கிறார், தாத்தாவும் வாய் திறந்து மறுத்ததில்லை.

"பீடியில மரை இருக்குமா?"

போய்ப் பார்த்தேன். அச்சில் ஒன்றரை மில்லிமீட்டர் கூட இராது. திரையில் பெரிதாக்கினால் மங்கலாகத்தான், ஆனால் தெரிகிறது: நடுவில் பட்டை வைத்த ஒரு புடைப்பு, அதற்கு இரண்டு பக்கமும் உருளை, ஒரு முனையில் குறுக்குக் கோடுகள். விமானப் பிளக் நம் பைக் பிளக் மாதிரி வெள்ளைப் பீங்கான் தெரிய இருக்காது, முழுக்க உலோகக் கவசம். காட்பாடிக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதாமல், தன் வீட்டு மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கும் ஒரு பழைய பிளக்கைப் படம் எடுத்து அனுப்பினார். அதே பட்டை. ஆப் அதைத்தான் ஆறாவது விரலாக்கியிருந்தது.

இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கித் தர முடியுமா என்று கேட்டேன், எல்லோருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற ஆசை. "முடியும். ஆனா அப்புறம் அது நான் வரைஞ்ச பிளக், அவர் வெச்சிருந்தது இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். வால் எண்ணிலும் அதே கதைதான். மங்கிய இரண்டு இலக்கத்தை அப்படியே மங்கலாகவே விட்டிருக்கிறார்.

அக்காவுக்கு இன்னும் கலர் ஆசை போகவில்லை, கேட்டுப் பார்க்கச் சொன்னாள், கேட்டேன். செய்யலாம், ஆனால் சாம்பலைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது, ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் பிலிமில் ஒரே சாம்பலாக விழும், வட்டத்துக்கும் கொடிக்கும் தெரிந்த நிறத்தைப் போடலாம், தாத்தா போட்டிருந்த மேலாடை என்ன நிறம் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஆயாவுக்கே நினைவில்லை. சரி, விட்டுவிட்டோம்.

செலவு 3,400 ரூபாய். அதில் ஒன்பதுக்குப் பன்னிரண்டில் இரண்டு பிரிண்ட், மேட் தாளில், லேமினேஷன் இல்லாமல், ஒன்றுக்கு பிரேம், பென்டிரைவில் சரிசெய்யாத அசல் ஃபைல் ஒன்று, சரிசெய்த ஃபைல் ஒன்று, இரண்டும் தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாகவே. பிரேமில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வைத்திருக்கிறார், இனிமேல் ஒட்டாது. அசல் படத்தைக் கண்ணாடியோடேயே, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார், மழைக்காலத்தில் சிலிக்கா பொட்டலம் மாற்றச் சொல்லி. முதுகில் இருந்த எழுத்தையும் தனியாகப் படம் எடுத்து வைத்திருந்தார், நான் கேட்காமலே. "இடமிருந்து 3வது நான்" என்பதற்குக் கீழே, அப்பா ஒருபோதும் சொல்லாத இன்னொரு வரி, ஆயாவின் பெயரும், "நலம்" என்ற ஒரு சொல்லும். கடிதத்துக்குப் பதில் படத்தையே அனுப்பியிருக்கிறார் மனிதர்.

இப்போது குறைகள். குறை சொல்லாத விமர்சனத்தை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். பத்து நாள் என்றார், ஐந்து வாரம் ஆனது. நடுவில் ஒரு தடவை சென்னையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போனால் கடை பூட்டியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை திறக்க மாட்டாராம், அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. போனை எடுப்பதில்லை. ரொக்கம் மட்டும்தான், ஜிபே கேட்டால் பையன் ஊரில் இல்லை என்கிறார். இரண்டு பிரிண்டில் ஒன்று இன்னொன்றைவிட ஒரு துளி கறுப்பு கூட. நான் சொன்னதும் ஒத்துக்கொண்டார், ஆனால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய குறை பிரேம். அதை அவர் செய்யவில்லை, வெளியே கொடுத்து வாங்குகிறார், மரச்சட்டம் நன்றாக இருக்கிறது, மாட்டும் கொக்கி மட்டும் மகா மட்டம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு பக்கம் கழன்று படம் சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, விழவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்றைக் கொக்கிக்காகத்தான் குறைக்கிறேன்.

அவசரத்துக்கு, நினைவு நாளுக்கு நாளைக்கே படம் வேண்டும் என்பவர்கள் இவரிடம் போகாதீர்கள், லேபுக்கே போங்கள், ஆனால் வெட்டாமல் அச்சடிக்கச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். வாட்ஸப்பில் போட மட்டும் என்றால் ஆப் போதும், முகம் வேறு ஆளாக இருந்தால் பரவாயில்லை என்றால். பட்டாளத்துப் படம், விமானம், கப்பல், லாரி, பழைய மில் மெஷின் என்று பின்னால் ஏதாவது நிற்கும் படமாக இருந்தால், கொடுப்பதற்கு முன்னால் அந்த வேலை பார்த்த ஒருவரைக் கூட உட்கார வைத்துப் பாருங்கள். பிளேடு மட்டும் வேண்டாம்.

ஆயாவிடம் புதுப் பிரிண்டைக் காட்டினேன். இந்தத் தடவை யார் என்று கேட்கவில்லை. பிளக் விஷயத்தைச் சொல்லி, லென்ஸ் வைத்துக் காட்டினேன், நாற்பது வருடப் பழி நீங்கியது என்று நான் ஒரு பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கையைப் பார்த்தார், அப்புறம் லென்ஸைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.

"அது பிளக்குன்னே இருக்கட்டும். சட்டப்பையில புடைச்சிக்கினு இருக்குதே, அது என்ன?"

அதைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொக்கியை மாற்ற அடுத்த வாரம் வேலூர் போகிறேன், செவ்வாய்க்கிழமை தவிர்த்து. சித்தப்பா தன் கல்யாண ஆல்பத்தையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார், அதில் பக்கத்துக்குப் பக்கம் செலோ டேப்.